பழைய காருக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு தரும்? கணக்கைத் தெரிந்துகொள்வோம்

2024-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. செங்கல்பட்டைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் அண்ணன் காரை ஓட்டி வந்துகொண்டிருந்தார். திடீரென்று மாடு ஒன்று குறுக்கே வந்தது. மாட்டுக்கு விலகி ஸ்டியரிங்கை ஒடித்தவர் சென்டர் மீடியனில் போய் மோதினார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாடும் பிழைத்தது. காரின் முகம்தான் நசுங்கிப்போனது. 2016 மாடல் கார். அப்போது அதற்கு எட்டு வயது முடிந்திருந்தது.

ஷெட்டில் 55,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அண்ணன் போன் செய்தார். குரலே சரியில்லை. “டேய், ஃபுல் இன்சூரன்ஸ்னுதானே வருஷா வருஷம் கட்டறேன்? 32,900தான் வருமாம். மீதி 22,000 நான் கையிலேருந்து போடணுமாம். இது என்னடா நியாயம்?”

பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் கேட்கும் கேள்விதான் இது. இதற்கான பதிலில் பாதி, கம்பெனி செய்தது சரி என்பது. மறுபாதி, கம்பெனி தவறாகவும் செய்திருந்தது என்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நமக்குச் சேர வேண்டிய பணத்தை விட்டுவிட மாட்டோம்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். காருக்கு எடுக்கும் இன்சூரன்ஸ், விபத்துக்கு முந்தைய நிமிடம் நாம் எந்த நிலையில் இருந்தோமோ அந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவரும் ஒப்பந்தம். அதைவிட மேலான நிலைக்குக் கொண்டுபோவதாக அதில் வாக்கு கிடையாது. எட்டு வருடம் வெயிலில் காய்ந்த பம்பர் உடைந்து, அந்த இடத்தில் புத்தம் புதுப் பம்பர் வந்தால், உடைந்ததைவிட நல்ல பொருள் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் கூடுதல் மதிப்பை நாமே ஏற்க வேண்டும். இதற்குத்தான் தேய்மானம் என்று பெயர். ஷெட்டில் ‘டெப்ரிசியேஷன்’ என்பார்கள்.

சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் இந்தத் தேய்மானத்தை மனம்போனபடி போட முடியாது. இந்தியாவில் கார்களுக்கான வழக்கமான பாலிசியிலேயே பட்டியல் அச்சாகியிருக்கிறது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், ட்யூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. தகடு முதலான மற்ற எல்லாப் பாகங்களுக்கும் காரின் வயதைப் பார்ப்பார்கள்: முதல் ஆறு மாதம் கழிவு இல்லை, ஒரு வருடம் வரை 5 சதவீதம், இரண்டு வருடம் வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, ஐந்திலிருந்து பத்து வருடம் வரை 40, பத்தைத் தாண்டினால் 50.

லேபருக்குத் தேய்மானம் கிடையாது. டிங்கரிங் செய்பவரின் உழைப்பு காரோடு சேர்ந்து பழையதாவதில்லையே. பெயின்டிங்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெயின்டில் 50 சதவீதம் கழிக்கலாம், ஆனால் பெயின்ட் பொருளின் விலையில் மட்டும். பொருள், கூலி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக பில் போட்டிருந்தால், அதில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்துக்கொண்டு, அந்தக் கால் பங்கில் பாதியைக் கழிக்க வேண்டும். அதாவது மொத்த பெயின்டிங் பில்லில் எட்டில் ஒரு பங்குதான் குறையும்.

அண்ணனின் பில்லை இந்தக் கண்ணோடு பாருங்கள்:

பானெட் (தகடு) – 8,000. 40 சதவீதம் போக 4,800.
முன் பம்பர் (பிளாஸ்டிக்) – 5,000. பாதி போக 2,500.
ஹெட்லைட் (பிளாஸ்டிக்) – 6,000. பாதி போக 3,000.
ரேடியேட்டர் – 9,000. 40 சதவீதம் போக 5,400.
முன் கண்ணாடி – 7,000. கழிவில்லை, 7,000.
லேபர் – 8,000. கழிவில்லை, 8,000.
பெயின்டிங் – 12,000. கால் பங்கு 3,000. அதில் பாதி 1,500 போக 10,500.

கூட்டினால் 41,200. இதில் கட்டாயக் கழிவு ஒன்று உண்டு: 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட கார்களுக்கு 2,000. அண்ணனுடையது சின்ன இன்ஜின். ஆக, வர வேண்டியது 40,200. கம்பெனி சொன்னதோ 32,900. நடுவில் 7,300 ரூபாய் எங்கே போனது?

சர்வே ரிப்போர்ட்டின் நகல் வேண்டும் என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பச் சொன்னேன். கேட்டால் தர வேண்டும். அது பாலிசிதாரரின் உரிமை. மூன்று நாளில் பிடிஎஃப் வந்தது. அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் தட்டை ஒதுக்கிவிட்டு, ஒரு வரி விடாமல் இரண்டு பேரும் படித்தோம். கண்ணாடியை ‘மற்ற பாகங்கள்’ வரிசையில் சேர்த்து 40 சதவீதம் கழித்திருந்தார்கள்: 2,800 போயிற்று. பெயின்டிங் 12,000-ல் கூலியையும் சேர்த்துப் பாதியை வெட்டியிருந்தார்கள்: 1,500 குறைய வேண்டிய இடத்தில் 6,000 குறைந்து, கூடுதலாக 4,500 போயிற்று. இரண்டும் சேர்ந்தால் சரியாக 7,300.

கோபப்பட்டு எழுதவில்லை. பாலிசியில் உள்ள அந்தப் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு, இரண்டு வரிக்கும் திருத்திய கணக்கைப் பக்கத்தில் எழுதி, எழுத்தில் பதில் வேண்டும் என்று முடித்தோம். பத்து நாளில் திருத்திய தொகை வந்தது. மீதி 14,800-ஐ அண்ணன் கையிலிருந்து போட்டார், இந்த முறை மனத்தாங்கல் இல்லாமல்.

ஜீரோ டெப், அதாவது பம்பர் டு பம்பர் என்ற கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் இந்தத் தேய்மானத்தில் பெரும்பகுதி வெட்டப்பட்டிருக்காது. ஆனால் அதைப் பல கம்பெனிகள் ஐந்து வயது வரையுள்ள கார்களுக்குத்தான் தருகின்றன. சில கம்பெனிகள் ஏழு வயது வரை, அதற்கு மேலும்கூடத் தருவதுண்டு. உங்கள் கார் ஐந்தைத் தாண்டிவிட்டது என்பதற்காகக் கேட்காமலே இருந்துவிடாதீர்கள்.

இதுவரை பார்த்தது ரிப்பேர் செய்யக்கூடிய சேதம். பழைய காருக்கு உண்மையான ஆபத்து அடுத்த வகையில் இருக்கிறது: டோட்டல் லாஸ்.

இதற்கு ஐடிவி என்ற மூன்றெழுத்து புரிய வேண்டும். பாலிசி எடுக்கும் அன்று இந்த காரின் மதிப்பு இவ்வளவு என்று நீங்களும் கம்பெனியும் ஒப்புக்கொண்டு எழுதிக்கொள்ளும் தொகை அது. கார் திருடுபோனாலோ, இனி தேறாது என்ற அளவுக்கு நொறுங்கினாலோ இந்தத் தொகைதான் உச்சவரம்பு. காருக்கு ஐந்து வயது ஆகும்வரை இதற்கும் பட்டியல் உண்டு. அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையில் இரண்டாம் வருடம் 20 சதவீதம், மூன்றாம் வருடம் 30, நான்காம் வருடம் 40, ஐந்தாம் வருடம் 50 எனக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஐந்து வயது தாண்டியதும் பட்டியல் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஐடிவி என்பது இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டிய தொகை.

பேசி முடிவு செய்வது என்று பாலிசி சொல்கிறது. ஆனால் யார் பேசுகிறோம்? ரினியூவல் லிங்க் வருகிறது, கீழே இருக்கும் தொகை குறைவாக இருக்கிறது, ஜிபேயில் கட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐடிவியையும் குறைத்துக் காட்டும் வழக்கம் இருக்கிறது. அதை நாம் கவனிப்பதே இல்லை. பழைய காருக்கு நியாயமான பணம் கிடைக்குமா என்பதில் பாதிக்கு மேல் அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது என்பதே என் கருத்து.

எப்படி என்று பார்ப்போம். ரிப்பேர் செலவும் வண்டியைத் தூக்கி வரும் செலவும் சேர்ந்து ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த காரை டோட்டல் லாஸ் என்று முடிவு செய்வார்கள். சந்தையில் மூன்றேகால் லட்சத்துக்கு விற்கக்கூடிய கார் ஒன்று; ஐடிவி மட்டும் 1,80,000 என்று இருக்கிறது. அதன் 75 சதவீதம் 1,35,000. விபத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு வேலை வந்தால் கார் முடிந்தது. உங்களுக்கு 1,80,000-க்குள் ஒரு தொகை வரும். அந்தப் பணத்தில் அதே மாதிரி கார் வாங்க முடியாது. இதே காருக்கு ஐடிவி 3,20,000 என்று போட்டிருந்தால் வரம்பு 2,40,000. ஒன்றரை லட்சம் ரூபாய் வேலை அதற்குள் அடங்கிவிடும். தேய்மானம் போக மீதியைக் கம்பெனி தரும், கார் வீட்டுக்குத் திரும்பும்.

அதற்காக மனம்போன தொகையையும் எழுதக் கூடாது. உங்கள் மாடல், வருடம், ஓடிய கிலோமீட்டர் இவற்றுக்கு நெருக்கமாக உங்கள் ஊரில் விற்பனைக்கு வந்திருக்கும் நாலைந்து கார்களின் விலையைப் பாருங்கள். விளம்பர விலையில் பேரம் போக என்ன வரும் என்று கணித்து, அதை ஒட்டிய ஐடிவியைக் கேளுங்கள். அந்த விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் ரினியூவல் மெயிலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐடிவியைக் கூட்டினால் பிரீமியமும் கூடும்தான். எவ்வளவு கூடுகிறது என்று இரண்டு தொகைக்கும் கொட்டேஷன் வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஒப்புக்கொண்ட பிறகு கம்பெனி பின்வாங்கினால்? “இந்த வண்டி அவ்வளவு பெறாது சார்” என்று க்ளெய்ம் சமயத்தில் சொல்வது புதிதல்ல. மதிப்பை ஏற்று அதற்கான பிரீமியத்தையும் வாங்கிக்கொண்ட கம்பெனி, அந்த மதிப்புக்குக் கட்டுப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. சர்வேயரின் அறிக்கை முக்கியமான ஆவணம், ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று 2009-ல் இன்னொரு தீர்ப்பும் சொன்னது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டோட்டல் லாஸ் என்று ஆனால் நொறுங்கிய வண்டி யாருக்கு என்ற பேச்சு வரும். அந்த இரும்புக்கும் விலை உண்டு, சால்வேஜ் என்பார்கள். வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் சால்வேஜ் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அந்த விலையைக் கூட்டிச் சொன்னால் உங்கள் கைக்கு வருவது குறையும். எந்த வியாபாரி அந்த விலைக்குக் கேட்டார் என்று எழுத்தில் கேளுங்கள். சொன்ன விலைக்கு வாங்க ஆளே இல்லையென்றால், வண்டியைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடலாம். எப்படி முடிந்தாலும் ஆர்சியை ரத்து செய்வதோ பெயர் மாற்றுவதோ நடந்ததா என்று ஆர்டிஓவில் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் வண்டியை வேறொருவர் தட்டி நிமிர்த்தி ஓட்டி எங்காவது மோதினால் வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

சென்னைக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முழங்கால் தண்ணீரில் நின்ற கார்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெள்ளச் சேதம் வழக்கமான ஃபுல் இன்சூரன்ஸிலேயே அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து பார்த்ததால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் ராடு வளைந்தால், அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை என்று மறுப்பார்கள். இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் பாலிசி இருந்தால்தான் அதற்குப் பணம். அதிலும் நிபந்தனைகள் உண்டு, படித்துப் பாருங்கள். தண்ணீர் ஏறிய காரில் சாவியைப் போடவே போடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கதவிலும் சீட்டிலும் சேறு படிந்த கோட்டைக் கழுவுவதற்கு முன் போட்டோ எடுத்து, வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பழைய காருக்கு வரும் இன்னொரு மறுப்பு, “இது பழைய அடி, இது பழைய துரு” என்பது. தேய்ந்ததற்கும் துருப்பிடித்ததற்கும் பாலிசி பணம் தராது, அது உண்மை. ஆனால் நேற்றைய மோதலில் நசுங்கிய கதவை, அதன் மூலையில் கொஞ்சம் துரு இருக்கிறது என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது. வாயால் வாதாடுவதைவிட, ரினியூவல் அன்று காரைச் சுற்றி எடுத்த ஒரு நிமிட வீடியோ பேசும். சர்வீஸ் பில்களும் பேசும். சர்வேயர் வரும் நேரத்தில் ஷெட்டில் நீங்களும் இருங்கள். பாகத்தை மாற்ற வேண்டுமா, தட்டி நிமிர்த்தினால் போதுமா என்பது அங்கேதான் முடிவாகும். மெக்கானிக் தன் காரணத்தைச் சொல்லும்போது பக்கத்தில் வண்டிக்காரர் நிற்பது நல்லது.

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருப்பவர்கள், “பழைய காருக்கு அது போதும்” என்று இருப்பவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் தவறால் உங்கள் காருக்கு வந்த சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. ஆனால் இன்னொருவர் வந்து மோதினால், அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் உங்கள் காரின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஆள் காயத்துக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். சொத்துச் சேதத்தையும் அது விசாரிக்கும். அதற்கு மோதிய வண்டியின் நம்பர், போட்டோ, சாட்சி, போலீஸ் புகார் எல்லாம் வேண்டும். ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்காமல் “பரவாயில்லை, பார்த்துக்கலாம்” என்று கலைந்து போய்விடாதீர்கள். மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் சொல்கிறது.

காகிதத்தில் தோற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் ஆர்சியில் பெயர் மாற்றிவிட்டுப் பாலிசியைப் பழைய ஓனர் பெயரிலேயே விட்டுவிடுவது. தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி தானாகவே மாறும். சொந்த காரின் சேதத்துக்கான பகுதி தானாக மாறாது. பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றுங்கள். இன்னொன்று, பதினைந்து வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்காமல் ஓட்டுவது. தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டிகளுக்கு க்ளெய்ம் மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2014-லும் 2021-லும் சொல்லியிருக்கிறது. அதே வாதத்தை உங்கள் மீதும் வைக்க இடம் கொடுக்காதீர்கள்.

சின்னச் சேதத்துக்கு க்ளெய்ம் போடலாமா? கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். க்ளெய்மே இல்லாமல் ஓட்டியவர்களுக்குத் தரும் நோ க்ளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என ஏறி 50-ல் நிற்கும். ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியம் போனஸுக்கு முன் 6,000 ரூபாய் என்றால், 50 சதவீத போனஸை இழந்தவர் அடுத்தடுத்த ஐந்து வருடங்களில் கூடுதலாகக் கட்டுவது 3,000, 1,800, 1,500, 900, 300. மொத்தம் 7,500. கழிவெல்லாம் போக 4,000 ரூபாய்தான் வரும் என்றால் கையிலிருந்து போட்டுவிடுவது லாபம்.

கம்பெனி இழுத்தடித்தால் என்ன செய்வது? இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் கெடு விதித்திருக்கிறது: தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமனம், 15 நாளுக்குள் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளுக்குள் முடிவு. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். மறுத்தாலோ, 30 நாள் ஆகியும் பதில் இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பணம் வரும் நேரத்தில் “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். தொகையில் உடன்பாடு இல்லையென்றால், கையெழுத்துக்கு மேலே ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டு, அன்றே அதையே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். கையெழுத்துப் போட்டதாலேயே மேற்கொண்டு கேட்கும் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015-ல் கம்பெனிகளுக்குத் தெளிவாக எழுதியிருக்கிறது. இருந்தாலும் எழுத்தில் ஆட்சேபம் இருந்தால் பின்னால் வேலை சுலபம்.

போன மாதம் அண்ணனின் பாலிசி ரினியூவலுக்கு வந்தது. லிங்கில் போன வருடத்தைவிட 70,000 ரூபாய் குறைவாக ஐடிவி போட்டிருந்தார்கள். அண்ணன் பணம் கட்டவில்லை. முதலில் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் காரை நாலு பக்கமும் வீடியோ எடுத்தார். பின் கதவில் போன பொங்கலுக்கு விழுந்த கீறலைக்கூடக் குனிந்து கிட்டத்தில் காட்டினார். அப்புறம் உள்ளே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலு விற்பனை விளம்பரங்களோடு கம்பெனிக்கு மெயில் எழுத உட்கார்ந்தார்.